முப்பது எண்ணுவதற்குள்

மருந்து கலக்குகிற வேலை காலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். வெயில் ஏறிவிட்டால் அந்த ரூமில் கை வைக்கக் கூடாது. அதனால் பட்டாசுக் கம்பெனியில் மற்ற ஆட்களுக்கு முன்பே சீனிச்சாமி வீடு வந்து சேர்ந்துவிடுவான். புருவம், காது மடல், கழுத்து மடிப்பு என்று உடம்பு முழுக்க அலுமினியத் தூள் அப்பியிருக்கும். தாயில்பட்டித் தெருவில் அவன் நடந்து வரும்போது, "வெள்ளி மாமா வாராக" என்று ஏதாவது ஒரு பிள்ளை கத்தும். அவனும் கையை உயர்த்தி, கோயில் சிலை மாதிரி ஆசீர்வாதம் பண்ணுவான்.

அவன் மனைவி பாண்டிச்செல்விக்கு அந்த விளையாட்டுப் பிடிக்காது. திங்கட்கிழமை அவள் வேலை பார்க்கும் மலையேற்ற முகாமில் விடுமுறை. வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, தேங்காய் நாரும் சோப்புமாகக் காத்திருப்பாள். முதுகைத் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும்.

"மெல்லத் தேய் புள்ள. தோலு உரிஞ்சிரும்."

"உரியட்டும். உள்ளயும் வெள்ளியாத்தான் இருக்கும்."

"அப்ப நீ கெட்டிக்காரி. வெள்ளிப் பாத்திரத்தக் கல்யாணம் முடிச்சிருக்க."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல மாமா. ஐப்பசியோட சரி, பாத்துக்கோங்க. தீவாளி லோடு போனதும் நீங்க அந்த ரூம்பு வாசலக்கூட மிதிக்கப்படாது. மொதலாளியம்மா செல்லக்கனி நேத்தும் சொன்னாக. என்னையத் தலைமைப் பயிற்சியாளரா போட்டு, கேட்டுக்குள்ள வீடும் குடுத்து, உங்களுக்கு அங்கனயே கேட்டு வேலயாம்."

"பொண்டாட்டி மலையேறுவா, புருசன் கேட்டத் தொறந்து விடணுமாக்கும்?"

"ஆமா. தொறந்து விடுங்க. உசுரோட தொறந்து விடுங்க."

அவன் ஒரு செம்புத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டான். போன வருடம் வைகாசியில் அவனோடு ஒரே ரூமில் மருந்து கலக்கிய ஒச்சப்பன், ரூமோடு போய்விட்டான். அன்று சீனிச்சாமி அக்கா பேத்தியின் காதுகுத்துக்காகச் சாத்தூர் போயிருந்தான். மொய் எழுதிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அவன் வேறு கம்பெனிக்கு மாறினான்; வேலை மாறவில்லை. கலக்கத் தெரிந்தவனைக் கலக்கத்தான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து பத்தரை மணிக்குத் தெருமுனையில் அவன் தலை தெரிகிறவரைக்கும், முகாமில் இருக்கிற நாளில் அவனிடமிருந்து போன் வருகிறவரைக்கும், பாண்டிச்செல்விக்கு வேறு எதிலும் மனம் ஒட்டாது.

அவளும் எட்டு வருடம் பட்டாசு வேலை பார்த்தவள்தான். ஆனைக்குட்டம் அணைக்கு மேற்கே, சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் இராமகிருஷ்ணன் குடும்பம் குருவிக்கரடு என்ற பாறைக்குன்றின் அடிவாரத்தில் ஒரு முகாம் தொடங்கியபோது, சமையலுக்கு ஆள் வேண்டும் என்று அங்கே போனாள். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை மூன்று நாளைக்கு அனுப்பும். கரடு ஏறுவது, கயிறு கட்டிப் பாறையில் இறங்குவது, கூடாரத்தில் தூங்குவது. வீட்டையும் டியூஷனையும் விட்டு வேறெதுவும் பார்த்திராத பிள்ளைகள். அப்படி வந்த ஒரு பெண், பாதிப் பாறையில் கை கால் உறைந்து அழுதபடி நின்றுவிட்டாள். பயிற்சியாளன் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய், "மேல பாக்காத, கீழ பாக்காத. ஒன் கால் பெருவிரல மட்டும் பாரு. அது என்ன சொல்லுது?" என்று கேட்டாள். கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முதலாளியின் மனைவி செல்லக்கனி. மறுமாதமே கொடைக்கானலிலிருந்து வந்த ஒருவரிடம் பாண்டிச்செல்விக்குப் பயிற்சி. அப்புறம் பேண்ட், சட்டை, ஷூ. பதினொரு வருடம் ஆகிவிட்டது.

"பேண்ட்டு போட்ட மகராசி குளிப்பாட்டுதா, எங்க தம்பி குளிக்கான்" என்று சொல்லிக்கொண்டே சேவுப் பொட்டலத்தோடு வந்தாள் சண்முகத்தாய். சீனிச்சாமியின் அக்கா. அடுத்த வீடு. பட்டாசுக்குக் கருந்திரி வெட்டி வெட்டி அவளுடைய பெருவிரல் நகம் கறுத்துக் கிடக்கும்.

"மதினி, ஒரு நாளைக்கு நீங்களும் போட்டுப் பாருங்க. எறங்கவே மாட்டீக."

"எனக்கெதுக்குத்தா? நான் இருக்கிற அகலத்துக்கு ரெண்டு பேண்ட்டுத் துணி வேணும். அது கெடக்கட்டும், முகாமுல புதுசா ஒரு மிசினு வந்துருக்காம்ல? பேசுமாம்ல?"

"மிசினு இல்ல மதினி. போனுக்குள்ள இருக்கிறது. 'கூடவே'ன்னு பேரு."

"கூடவே அது வந்துச்சுன்னா நீ எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பாண்டிச்செல்வியும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கும் சில மாதங்களாக இருந்தது.

இராமகிருஷ்ணனின் மகன் ஸ்ரீராம்குமார் கொண்டுவந்த செயலி அது. பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை. நாடித் துடிப்பு, நிற்கிற இடம், நடக்கிற வேகம் எல்லாம் அதில் ஏறும். ஹெல்மெட்டில் சிறிய கேமரா; கீழே இறங்கி வந்த பிறகுதான் அதில் பதிவானது செயலிக்குப் போகும். மூன்றாம் நாள் மாலை, செயற்கை நுண்ணறிவு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு பக்கம் எழுதிப் பெற்றோர் போனுக்கு அனுப்பிவிடும். துணிச்சல் எழுபத்திரண்டு, பொறுமை அறுபது, தலைமைப் பண்பு வளர்கிறது.

முதலில் பாண்டிச்செல்விக்கு அது உதவியாகத்தான் தெரிந்தது. எழுதுவதென்றால் அவளுக்குக் கை ஓடாது. அதற்கு முன்னால் கடைசி நாளில் வேப்பமரத்தடியில் நின்று, வருகிற தாய் தகப்பனிடம் வாயால்தான் சொல்லுவாள். "ஒங்க புள்ள உயரத்துக்குப் பயப்படலக்கா. தனியா உக்காந்து சாப்பிடத்தான் பயப்படுது. பள்ளிக்கூடத்துல யாரு கூட உக்காந்து சாப்பிடுதுன்னு கேளுங்க." சில தாய்மார்களுக்குக் கண் கலங்கிவிடும். நாலு பக்கம் வரத் தொடங்கிய பிறகு யாரும் வேப்பமரத்தடிக்கு வரவில்லை. காரில் உட்கார்ந்தபடியே போனைப் பார்த்துவிட்டு, தலையசைத்துவிட்டுப் போனார்கள். அடுத்து எந்த வழியாக ஏறுவது என்பதை அது சொன்னது. அதற்கடுத்து வானிலை. பச்சை என்றால் நடக்கலாம், மஞ்சள் என்றால் நிற்க வேண்டும், சிவப்பு என்றால் இறங்க வேண்டும். பையன்களுக்கு இருந்த இரண்டு பயிற்சியாளர்களும் ஆனி மாதத்தோடு நின்றுபோனார்கள். அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஏழாம் வகுப்புப் பெண்கள் இருபத்திரண்டு பேர். மூன்று மணிக்குக் கரட்டின் உச்சியில் வழுக்கைப் பாறையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள். காற்று அப்படியே நின்றுபோயிருந்தது. மேற்கே மலைக்குமேல் மேகம் கறுத்துத் தடித்து ஏறியது. அணைத் தண்ணீர் ஈய நிறமாக மாறியது. பாண்டிச்செல்வியின் முன்கை மயிர் லேசாகச் சிலிர்த்தது. போனைப் பார்த்தாள். பச்சை.

தூரத்தில் ஒரு மின்னல் வெட்டு.

"எண்ணுங்க கண்ணுகளா" என்றாள். விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணின. ஹர்ஷினி என்ற ஒல்லியான பெண்தான் சரியான தாளத்தில், கடிகாரம் மாதிரி எண்ணினாள். இருபத்தாறில் இடி கேட்டது.

பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். வெட்டுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், கையில் இருப்பதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்தவர்கள் சேர்ந்து நிற்கக் கூடாது. தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். விட்டுவந்த எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது. எட்டு வருடம் செய்தது. யோசிக்கவெல்லாம் இல்லை. சேவு கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"முப்பதுக்குள்ள கேட்டா எறங்கிரணும். கையில கெடக்கிறதையெல்லாம் கழட்டி இதுல போடுங்க. வளையல், கடிகாரம், பட்ட, எல்லாம். வெரசா."

கம்பெனி வாசலில் காவலாளி கேட்பது போலவே கேட்டாள். அவளுடைய போனும் டப்பாவுக்குள் போனது. மூடிப் பாறைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகளை இறக்கினாள். சரிவு முடிகிற இடத்தில், குத்துச்செடிகளுக்கு நடுவே, பத்தடிக்கு ஒருத்தியாகப் பையைக் கீழே போட்டு அதன்மேல் குந்த வைத்தாள்.

"ஏன் அக்கா ஒத்தையா உக்காரணும்?" என்று ஹர்ஷினி கேட்டாள்.

"சேந்து இருந்தா சேந்து போயிரும்ல" என்றாள் பாண்டிச்செல்வி. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. இரண்டு பிள்ளைகள் அழத் தொடங்கின. அவள் ஒவ்வொருத்தியிடமாகப் போய்க் கன்னத்தைத் துடைத்து, கதை சொல்லி, பாட்டுப் பாட வைத்தாள்.

காற்று ஒரு சுற்றுச் சுற்றி அடித்தது. பத்துத் துளி விழுந்தது. மேகம் தெற்கே சாத்தூர் பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது. குருவிக்கரட்டில் ஒரு புல்கூடக் கருகவில்லை.

கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்து, பாறைக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்தன. வளைவு திரும்பியதும் முகாம் வாசல் தெரிந்தது. கார்கள், டூவீலர்கள், ஒரு ஆம்புலன்ஸ். ஆட்கள் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

டப்பாவுக்குள் கிடந்த இருபத்திரண்டு பட்டைகளிலும் துடிப்பு இல்லை என்று செயலி கண்டிருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில், பாறை விளிம்பில், அசையாமல். பாண்டிச்செல்வியின் போனைக் கூப்பிட்டிருக்கிறது. பதில் இல்லை. பத்து நிமிடம் பொறுத்துவிட்டு எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்பிவிட்டது. 'உங்கள் பிள்ளையின் நாடித் துடிப்பு பதிவாகவில்லை. கடைசி இருப்பிடம்: பாறை விளிம்பு.'

ஹர்ஷினியின் தாய் கற்பகம், சிவகாசியில் ஒரு பட்டாசு ஆபீசில் பில் போடுகிறவள், காலில் செருப்பில்லாமல் வந்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் வெடிவிபத்தில் போனதும் இப்படி ஒரு போன் வந்துதான் தெரிந்தது. மகளைக் கட்டிப்பிடித்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் பாண்டிச்செல்வியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீ எந்த ஊரு?"

"தாயில்பட்டி."

"தாயில்பட்டிக்காரி. ஒனக்குத் தெரியாதா? இந்தச் சீமையில ஒரு பொம்பளைக்கு இப்படி ஒரு செய்தி வந்தா எப்படி இருக்கும்னு ஒனக்குமா தெரியாது?"

பாண்டிச்செல்விக்குத் தெரியும். பத்தரை மணிக்குத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்குத் தெரியாதா? தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் முகாம் ஆபீசில் மூன்று பேரும் இருந்தார்கள். இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். செல்லக்கனி அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஸ்ரீராம்குமார்தான் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.

"இந்தா பாருங்கக்கா. இந்தச் செவப்புப் புள்ளியெல்லாம் அன்னைக்கு வெட்டின மின்னல். நம்ம கரட்டுக்கு ரொம்பப் பக்கத்துல வந்தது எட்டரைக் கிலோமீட்டர். அதுக்கப்புறம் வெலகிப் போயிருச்சு. போகும்னு அது முன்னாடியே சொல்லுச்சு. பச்சை காட்டுனது சரிதான்."

"சரிதான் தம்பி."

"பட்டையக் கழட்டினதால என்ன? அது மின்னல இழுக்காதுக்கா. ப்ளாஸ்டிக்கு."

"தெரியும் தம்பி. கொடைக்கானல்காரரும் சொல்லிக் குடுத்தாரு. கை தானாப் போயிருச்சு. கம்பெனிப் பழக்கம்."

"அப்ப தப்புன்னு ஒத்துக்கிடுறீங்க."

"பட்டையக் கழட்டினது தப்பு. அந்தத் தாய்மாரு அழுதது என்னாலதான். ஆனா எறங்கினது தப்புன்னு எப்படித் தம்பி சொல்ல? இடி நம்மகிட்ட வந்து, வரலாமான்னு கேட்டுக்கிட்டா வரும்? அன்னைக்கு வெலகிருச்சு."

"வெலகிருச்சுல்ல? அதத்தான் நானும் சொல்றேன்."

இராமகிருஷ்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இந்தா பாரு பாண்டிச்செல்வி. ஒன் மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா மூணு பள்ளிக்கூடம் ஆர்டரை நிறுத்தி வச்சிருக்கான். அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். செயலி தப்பா, ஆளு தப்பாங்கிறான். செயலி தப்புன்னா கேம்ப்பையே மூடணும். புரியுதா?"

"புரியுது மொதலாளி."

"ஒரு வீடியோ. ரெண்டு நிமிசம். நீயே பேசணும். செயலி சொன்னதக் கேக்காமப் போனது தப்பு, இனிமே அது சொல்றபடிதான் நடப்பேன்னு. பேசிட்டா நீ இங்கதான். தலைமைன்னு போட முடியாது. அது எதுக்குன்னு ஆயிப்போச்சு. பிள்ளைக வரிசைக்குப் பின்னால கடைசி ஆளா நடந்து வரணும். வீடு தர்றேன்னு இவ சொன்ன சொல்லு சொல்லுதான். சீனிச்சாமிக்குக் கேட்டு வேலையும் உண்டு."

செல்லக்கனி அப்போதுதான் திரும்பினார். "யோசிச்சுச் சொல்லு" என்றார். அவருடைய குரல் கெஞ்சுவது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சீனிச்சாமி தட்டை நகர்த்தி வைத்துவிட்டான். கருவாட்டுக் குழம்பு, அவனுக்காகவே வைத்தது.

"பேச வேணாம்."

"மாமா..."

"பேச வேணாம்ங்கேன். நீ எறங்கச் சொன்னது சரி. முப்பதுக்குள்ள கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"பெறகென்ன? நான் கலக்குற ரூம்புல போர்மேன் பச்ச வெளக்கக் காட்டி உள்ள போன்னா நான் போவேனா? ஒச்சப்பன் போனான். அன்னைக்குத் தூத்தல் விழுந்துச்சு. ஒண்ணும் ஆகாது, நேரமாவுது, கலக்குன்னு சொன்னான் போர்மேன். போனான்."

"அதுக்குத்தான் நான் பேசுறேன்ங்கேன். நீங்க அந்த ரூம்புக்குப் போகப்படாது."

"நான் போவேன், வருவேன். அது எனக்கும் அதுக்கும் உள்ளது. எனக்காக நீ பொய் சொன்னேன்னு இருக்க வேணாம்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சண்முகத்தாய் உள்ளே வந்தாள். வழக்கமான கேலி அவள் முகத்தில் இல்லை.

"ஏலே, சத்தியவான் கணக்காப் பேசாதலே. அவ என்ன கொலையா பண்ணப் போறா? ரெண்டு வார்த்த. ஒச்சப்பன் பொண்டாட்டி ஒரு வருசமா எங்கூடத் திரி வெட்டுதா. என்னைக்காச்சும் அவ மொகத்தப் பாத்திருக்கியா? ஏத்தா, நீ போயிப் பேசு."

"நாளைக்கும் அது பச்ச காட்டி, கரட்டுல இடி விழுந்துச்சுன்னா மதினி?"

"அது விழும்போது பாத்துக்கலாம்" என்று சண்முகத்தாய் முணுமுணுத்துவிட்டு, தட்டை எடுத்துத் தம்பி முன்னால் திரும்ப வைத்தாள். அவன் சாப்பிடவில்லை.

மூன்று நாள் பாண்டிச்செல்வி முகாமுக்குப் போகவில்லை. புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சீனிச்சாமி வேலைக்குப் போனான். ஏழு மணிக்கு வானம் மூடிக்கொண்டது. ஏழேகாலுக்குத் தூறல். தண்ணீர் பட்டால் மருந்து சூடேறும். காற்றில் இருக்கிற ஈரமே போதும். அது அந்தத் தெருவில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கம்பெனியில் போன் கிடையாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் தெருவில் இறங்கி நனைந்துகொண்டே நின்றாள். எட்டு மணி. ஒன்பது. கிழக்கே எந்தச் சத்தம் கேட்டாலும் காது விடைத்தது. யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அதற்கே அவள் தெருமுனைவரை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பத்தே முக்காலுக்கு அவன் தலை தெரிந்தது. தூறலில் தூள் கரைந்து, முகத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. "ஏழு மணிக்கே ரூம்ப அடைச்சுட்டான் புள்ள, பெறகு சும்மா உக்கார வச்சுட்டான்" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. பதினோரு மணி பஸ்ஸில் முகாமுக்குப் போனாள்.

பேச வேண்டியதை ஸ்ரீராம்குமார் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான். அவன் எழுதவில்லை, செயலி எழுதியது. அழகான தமிழ். அவள் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள்.

"தம்பி, 'என் அனுபவக் குறைவால்'னு போட்டிருக்கே. பதினோரு வருசம் ஆச்சே."

"மாத்திரலாம்க்கா. எப்படி வேணும்?"

"'பயத்துல'ன்னு போடுங்க. அது நெசந்தான்."

அவன் தட்டினான். 'என் தேவையற்ற அச்சத்தால்' என்று வந்தது. தேவையற்ற என்பதை எடுக்கச் சொல்லலாமா என்று அவள் நினைத்தாள். அதற்குள் கேமராவைத் தூக்கிவிட்டான். வேப்பமரத்தடியில் நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்ததாம். முன்பு தாய்மார்களிடம் அவள் பேசிய அதே இடம். 'என் தேவையற்ற அச்சத்தால் குழந்தைகளையும் பெற்றோரையும் துன்புறுத்திவிட்டேன். கருவியின் வழிகாட்டுதல் சரியாக இருந்தது. இனி அதன்படியே நடப்பேன்.' ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. செல்லக்கனி சமையல்கட்டுக்குள் போய்விட்டிருந்தார்.

ஐப்பசி பிறக்கும் முன்பே முகாமுக்குள் வீடு வந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு முருங்கை. சீனிச்சாமி மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வந்தான். காக்கிச் சட்டை போட்டான். ஒரு மாதத்தில் காது மடிப்பில் கடைசியாக ஒட்டியிருந்த வெள்ளியும் போய்விட்டது. அவனுடைய நிறம் என்ன என்பதையே அவள் மறந்திருந்தாள். மாநிறம். மத்தியானம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அது ஒரு அதிசயம். பத்தரை மணி வரும், போகும். அவள் அதைக் கவனிக்கக்கூட மாட்டாள்.

பட்டைகள் மாறியிருந்தன. பிள்ளைகளே கழற்ற முடியாதபடி பூட்டுப் போட்டது. வாசலில் ஏறும்போது பூட்ட வேண்டும். இறங்கி வந்த பிறகு திறக்க வேண்டும். சாவி சீனிச்சாமியின் இடுப்பில் தொங்கியது.

ஐப்பசிக் கடைசி வாரம் ஹர்ஷினியின் வகுப்பு திரும்பவும் வந்தது. வருடத்துக்கு மூன்று முறை அவர்கள் வர வேண்டும். பூட்டு இருக்கிறது என்று பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்த பிறகுதான் கற்பகம் மகளை அனுப்ப ஒத்துக்கொண்டாளாம். சீனிச்சாமி ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்துப் பூட்டினான்.

"கம்பெனி வாசல்ல எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாக. இங்க பூட்டச் சொல்றாக. நான் செய்யிற வேலையப் பாத்தியா?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அவனுடைய சிரிப்பு முன்னைப் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் பதில் சொல்லுமுன் அடுத்த கையைப் பிடிக்கத் திரும்பிவிட்டான்.

ஏறத் தொடங்கினார்கள். முன்னால் ஆசிரியை, கடைசியில் பாண்டிச்செல்வி. தோள்வாரில் மாட்டியிருந்த போன் இனிமையான பெண் குரலில் வழி சொல்லிக்கொண்டு வந்தது. "இடதுபுறம் திரும்பவும். மிக நன்று." திரையில் இருபத்திரண்டு பச்சைப் புள்ளிகள் துடித்தன. வேலை செய்கிறவர்களுக்குப் பட்டை கிடையாது. அதனால் அவளுடைய புள்ளி அதில் இல்லை.

பாதி வழியில் காற்று நின்றது. மேற்கே அன்று பார்த்த அதே கறுப்பு. வெட்டியது. ஹர்ஷினி வரிசையில் கடைசிப் பெண். அவளுடைய விரல்கள் மடங்கி விரிவதைப் பாண்டிச்செல்வி பின்னாலிருந்து பார்த்தாள். இடி கேட்டதும் அந்தப் பெண் நின்று திரும்பினாள்.

"அக்கா, இருபத்தினாலு."

"ம்."

"முப்பதுக்குள்ள கேட்டா எறங்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

போனைப் பார்த்தாள். பச்சை. "மேகம் தெற்கு நோக்கி நகர்கிறது. நடை தொடரலாம்" என்றது குரல். கீழே வாசலில் காக்கிச் சட்டை சிறிய புள்ளியாகத் தெரிந்தது. ஹர்ஷினி பட்டையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை.

"அக்கா, எறங்கவா?"

அவளும் எண்ணியிருந்தாள். இருபத்தினாலுதான்.

"நீ வேகமா எண்ணிட்டம்மா" என்றாள் பாண்டிச்செல்வி. "பச்சதான் காட்டுது. நட."

அந்தப் பெண் பட்டையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு திரும்பி நடந்தாள். வழுக்கைப் பாறைக்கு இன்னும் நூறு அடி. மறுபடியும் வெட்டியது, இந்த முறை பளிச்சென்று, பாறை முழுக்க வெள்ளி பூசினாற்போல. வேண்டாம் என்று நினைத்தும் பாண்டிச்செல்வியின் மனம் எண்ணத் தொடங்கிவிட்டது. பத்தொன்பதில் இடி வந்தது.

முன்னால் போன ஹர்ஷினியின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் நேராகத் தொங்கின. விரல்கள் மடங்கவே இல்லை.